ஊர்ச் சீருடையா, கூட்டரசுச் சீருடையா?

எஸ்பிஎம் முடிவுகள் வெளியானதும் தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் நடக்கும் பேச்சில் சீருடை வேலை ஒருமுறையாவது தலைகாட்டும். "போலீஸ்ல சேரலாமே" என்று மாமா ஆரம்பிப்பார். "வேணாம், சபா சரவாக்குக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க" என்று அம்மா மறிப்பார். "அப்ப நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போடு, வீட்டோட இருந்துக்கலாம்" என்று சித்தப்பா வழி சொல்வார். பெரும்பாலான வீடுகளில் ஆய்வு அத்துடன் முடிந்துவிடுகிறது. பையனோ பெண்ணோ ஏதாவது ஒரு பாரத்தை நிரப்புகிறார்கள், அல்லது நிரப்பாமலே சிங்கப்பூர் பஸ் ஏறுகிறார்கள்.

மலாக்கா மாநிலத்தின் புலாவ் செபாங் வட்டாரத்திலிருந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு இன்னும் பல அடுக்குகள் தெரிகின்றன. ஊருக்குப் பக்கமா தூரமா என்பது அவற்றில் ஒன்றுதான். எந்தச் சட்டத்தை, யார்மீது, யாருடைய கண்காணிப்பின் கீழ் அமல்படுத்தப் போகிறோம் என்பதை முதலில் கேட்டால், எந்தச் சீருடை என்பதற்கு விடை தானாகத் தெளிவாகும் என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

போலீஸ் யாருடைய கையில்?

மலேசியாவில் மாநிலப் போலீஸ் என்று ஒன்று கிடையாது. கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை, போலீசையும் உள்நாட்டுப் பாதுகாப்பையும் கூட்டரசுப் பட்டியலில் வைத்திருக்கிறது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எனவே அலோர் காஜாவில் பணிபுரியும் கான்ஸ்டபிளுக்கும் கோத்தா பாருவில் பணிபுரிபவருக்கும் தலைமை புக்கிட் அமானிலுள்ள போலீஸ் தலைமையகம்தான். மலாக்கா முதலமைச்சர் அவர்களுக்கு ஆணையிட முடியாது. அலோர் காஜா நகராண்மைக் கழகத்தின் அமலாக்க அதிகாரியோ மாநில அரசு நியமிக்கும் மன்றத்தின் ஊழியர். அவருடைய அதிகாரம் அந்தக் கழகத்தின் எல்லையோடு நின்றுவிடும்.

இந்தியாவில் நிலைமை நேரெதிர். அங்கே போலீஸ் மாநிலப் பட்டியலில் உள்ளது. தமிழ்நாட்டு இளைஞர் 1991இல் தொடங்கப்பட்ட சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக இரண்டாம் நிலைக் காவலரானால் மாநிலத்துக்குள்ளேயே பணி. சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளுக்குப் போனால் காஷ்மீரோ மணிப்பூரோ எங்கும் போக வேண்டியிருக்கும். அமெரிக்காவில் நகரத்துக்கு ஒரு போலீஸ், மாவட்டத்துக்கு ஒரு ஷெரிப், தனியாகக் கூட்டரசின் எஃப்பிஐ. அங்கெல்லாம் உள்ளூர் வேலை என்றாலும் அது போலீஸ் வேலைதான். நம்மிடம் ஊரோடு இருக்க வேண்டுமானால் போலீசை விட்டு வேறு வகை அமலாக்கத்துக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டு வேலை வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இங்கே முடிவெடுப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க புலாவ் செபாங்கைப் போல வசதியான ஊர் இல்லை. ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையே 'புலாவ் செபாங்/தம்பின்' என்று இரண்டு ஊரைச் சொல்கிறது. நிலையம் மலாக்காவில், சில நிமிட நடையில் இருக்கும் தம்பின் நெகிரி செம்பிலானில். சாமான் வாங்கப் போகிறவருக்கு எல்லை எங்கே கடந்தது என்றே தெரியாது, அமலாக்க அதிகாரிக்குத் தெரிந்தாக வேண்டும். புலாவ் செபாங் பக்கத்தில் கடையை நடைபாதைக்கு இழுத்தவருக்கு அலோர் காஜா நகராண்மைக் கழகம் நோட்டீஸ் கொடுக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே குற்றத்தைக் கவனிப்பது தம்பின் மாவட்ட மன்றத்தின் வேலை. போலீசிலும் மலாக்கா, நெகிரி செம்பிலான் என இரண்டு மாநிலப் பிரிவுகள் இருந்தாலும் படை ஒன்றே. சங்கிலி பறிகொடுத்தவர் எந்த நிலையத்தில் புகார் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும், உரிய மாவட்டத்துக்கு அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு.

நானிங் முதல் ஆதி நாகப்பன் வரை

ஊர் அதிகாரத்துக்கும் மேலதிகாரத்துக்கும் இடையிலான இழுபறி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இன்றைய அலோர் காஜா மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று நானிங் என்று அழைக்கப்பட்டது. அங்கே பெங்ஹுலு டோல் சைட் தன் ஊர் வழக்குகளைத் தானே தீர்த்துவந்தார். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கொடு, நீதி வழங்கும் உரிமையையும் விட்டுக்கொடு என்று மலாக்காவிலிருந்த ஆங்கிலேயர் கேட்டார்கள். அவர் மறுத்தார். 1831-32இல் நானிங் போர் நடந்தது. ஆங்கிலேயர் அனுப்பிய படையில் பெரும்பகுதி மெட்ராஸ் காலாட்படைச் சிப்பாய்கள். தென்னிந்தியர்கள் இந்த வட்டாரத்துக்குச் சீருடையோடு வந்தது தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே என்பதைத் தோட்டப் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதில்லை.

நவீனப் போலீஸ் 1807 மார்ச் 25ஆம் தேதி பினாங்குக்குக் கிடைத்த நீதிச் சாசனத்திலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது. ஆண்டுதோறும் அந்த நாளே போலீஸ் நாள். விடுதலைக்குப் பிறகு போலீஸ் கூட்டரசின் கையில் உறுதியாக நின்றது. உள்ளாட்சிதான் வழி மாறியது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு, உள்ளாட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் மஇகாவின் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் 1968இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன மன்றங்களை நிலைப்படுத்தியது.

வேலை தேடும் இளைஞருக்கு இந்தப் பழங்கதை எதற்கு? 'ஊர் வேலை' என்றால் ஊராருக்குப் பதில் சொல்லும் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கழகத்தின் உறுப்பினர்கள் ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். கடைக்காரரின் கோபமும் உறுப்பினரின் தொலைபேசி அழைப்பும் மேலதிகாரியின் ஆணையும் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் அமலாக்க அதிகாரியின் மேசை. அந்த நெருக்கடியைத் தாங்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை.

பாசார் மாலாமில் ஒரு மாலை

நகராண்மைக் கழக அமலாக்க அதிகாரியின் வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டுமானால் பாசார் மாலாமுக்குப் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கூடாரங்கள் எழும்பும்போதே அவர்கள் வந்துவிடுவார்கள். ஒவ்வொரு கடையிலும் உரிமத்தைக் கேட்பார்கள். உரிமத்தில் உள்ள பெயரும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவரும் ஒருவர்தானா என்று பார்ப்பார்கள், உரிமத்தை வாங்கி வெளிநாட்டவரிடம் வாடகைக்கு விடுவது எங்கும் நடக்கிறது. சாப்பாட்டுக் கடையென்றால் டைபாய்டு ஊசி போட்டதற்கான அட்டை. கோட்டைத் தாண்டிய மேசையை உள்ளே தள்ளச் சொல்வது. சொல்லியும் கேட்காதவருக்குக் கையிலிருக்கும் கருவியில் கம்பவுண்ட் அடித்து நீட்டுவது. வடை போடுகிற அக்கா அதிகாரியின் அம்மாவோடு ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவராக இருக்கலாம். "தம்பி, உங்கம்மாவுக்குத் தெரியுமா நீ இதச் செய்யறது?" என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது.

இவர்கள் கையிலுள்ள சட்டங்கள் உள்ளாட்சிச் சட்டம் 1976, சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976, அவற்றின் கீழ் மன்றம் இயற்றும் துணைச் சட்டங்கள். துணைச் சட்டத்தை மீறினால் அதிகபட்சம் 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். தினமும் எழுதப்படுவதோ சிறு சிறு கம்பவுண்டுகள்தான். கொலையும் கொள்ளையும் இந்த மேசைக்கு வருவதில்லை. வடிகால் அடைப்பு, அனுமதியில்லாத நீட்டிப்பு, உரிமமில்லாத வியாபாரம், திரியும் மாடு, தடையாக நிற்கும் கார் ஆகியவையே வரும். ஊர் ஒழுங்காக இருப்பதும் நாறுவதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. ஆனாலும் இதைச் செய்பவருக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை போலீசுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வசதி என்னவென்றால் வீடு. மலாக்காவில் மொத்தம் நான்கு உள்ளாட்சி மன்றங்கள்: மலாக்கா வரலாற்று மாநகராட்சி மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின். எங்கே இருந்தாலும் இரவுக்கு வீடு வந்து சேரலாம். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு இது சம்பளத்தைவிடப் பெரியது. குறை என்னவென்றால் ஏணி குட்டையானது. அமலாக்கப் பிரிவில் மேல்பதவிகள் கைவிரலில் எண்ணக்கூடியவை, முன்னால் இருப்பவர் ஓய்வுபெறும்வரை காத்திருக்க வேண்டும்.

புலாபோலுக்குப் பிறகு

போலீஸ் ஏணி உயரமானது. எஸ்பிஎம்மோடு கான்ஸ்டபிளாகச் சேரலாம், அதற்கு மேற்பட்ட படிப்போடு நேரடியாக அதிகாரி நிலைக்கும் விண்ணப்பிக்கலாம். நியமனமும் பதவி உயர்வும் அரசியலமைப்பின் 140ஆவது பிரிவின் கீழ் அமைந்த போலீஸ் படை ஆணையத்தின் பொறுப்பு, அதன் தலைவர் உள்துறை அமைச்சர். புலாபோல் எனப்படும் பயிற்சி மையங்களில் மாதக்கணக்கில் பயிற்சி. அணிவகுப்பைவிடப் பலரை வாட்டுவது சட்டப் பாடம் என்று முடித்து வந்தவர்கள் சொல்வதுண்டு.

சட்டம் போலீசுக்குத் தரும் அதிகாரம் பெரியது, அதற்கேற்ற பொறுப்பும் உண்டு. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சாட்சி வாக்குமூலத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி எழுத்தில் பதிய வேண்டும். அந்த வாக்குமூலத்தைக் கிட்டப் பார்த்தால் இந்த வேலை எதில் நிற்கிறது என்பது புரியும். தோட்டத்துப் பாட்டி தமிழில் சொல்வதைக் கேட்டு, மலாயில் எழுதி, அதை மறுபடி தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். "அவன் தள்ளுனான்" என்பதை "அடித்தான்" என்று எழுதிவிட்டால் வழக்கே வேறாகிவிடும். நல்ல மலாய் எழுத்தும் நல்ல தமிழ்க் காதும் சேர்ந்த அதிகாரி அந்த அறையில் பொன்னுக்குச் சமம். தமிழ்ப்பள்ளியில் படித்துவந்த பிள்ளைகள் தங்களிடம் இருப்பதைக் குறையாகப் பார்க்கப் பழகிவிட்டார்கள். மலாயைத் தேற்றிக்கொண்டால் அதுவே அவர்களின் பலம்.

இந்தியாவில் மத்திய ஆயுதப்படைக் கான்ஸ்டபிள் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். இங்கே அப்படி எதிர்பார்க்க இடமில்லை. விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி, குறிப்பேடு, நீதிமன்றச் சாட்சியம் எல்லாம் மலாய். எஸ்பிஎம் மலாய்த் தேர்ச்சி இல்லாமல் இரண்டு சீருடையும் கிடையாது.

நம்பிக்கை என்ற இடறல்

மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 6 முதல் 7 விழுக்காடு. போலீஸ் படையில் அவர்களின் பங்கு அந்த விகிதத்துக்குக் கீழேயே இருந்துவருகிறது. ஆள் சேரவில்லை என்று ஒரு தரப்பும், சேர்க்கவில்லை என்று மறுதரப்பும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகப் பேசுவது குறைவு: பயம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த ஏ. குகனையும், 2021இல் கோம்பாக்கில் காவலில் இருந்த பின் மருத்துவமனையில் இறந்த ஏ. கணபதியையும் தமிழ்க் குடும்பங்கள் மறக்கவில்லை. குகன் வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கிக் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. "அந்தச் சட்டையை நம்ம பிள்ள போடணுமா?" என்று தாய் கேட்டால் அதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

சீர்திருத்தம் நடக்காமல் இல்லை, நத்தை வேகத்தில் நடக்கிறது. துன் முகமட் டசைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை வைத்தது, சுயேச்சையான புகார் ஆணையம் அவற்றில் முக்கியமானது. அது கிடைக்கவில்லை. பதிலாக 2009 சட்டத்தின் கீழ், பல கூட்டரசு அமலாக்க நிறுவனங்களுக்கும் பொதுவான நேர்மைக் கண்காணிப்பு ஆணையம் வந்தது. 2023 ஜூலை 1ஆம் தேதி அதன் இடத்தில் போலீசுக்கு மட்டுமான சுயேச்சை நடத்தை ஆணையம் வந்தது. அதுவும் தானே தண்டிக்க முடியாது, போலீஸ் படை ஆணையத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும் என்ற குறை சொல்லப்படுகிறது.

எதிர்த்திசையிலும் சான்றுகள் உண்டு. பினாங்கு மாநிலப் போலீஸ் தலைவர்களாக ஏ. தெய்வீகனும் டி. நரேனசேகரனும் இருந்தார்கள், ஜொகூரில் எம். குமார் அந்தப் பொறுப்பை வகித்தார். தமிழர் அந்த ஏணியில் உச்சிக்கு அருகே போக முடியும் என்பதற்கு இவர்கள் போதும். எளிதில் போக முடியும் என்பதற்கு இவர்கள் சான்றாக மாட்டார்கள்.

கவனத்துக்கு வராத கதவுகள்

போலீசையும் நகராண்மைக் கழகத்தையும் மட்டும் எடைபோடுபவர்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள பல கதவுகளைத் தட்டுவதே இல்லை. சுங்கத் துறையின் அகாடமி மலாக்கா புக்கிட் பாருவில் இருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அகாடமி தியாங் டுவாவில் இருக்கிறது. குடிநுழைவு அகாடமி போர்ட்டிக்சனில். சிறைத்துறைக்குச் சுங்கை ஊடாங்கில் சிறைச்சாலை உண்டு. எல்லாம் புலாவ் செபாங்கிலிருந்து காரில் போய்த் திரும்பும் தூரம். பயிற்சி பக்கத்தில் என்பதால் பணியும் பக்கத்தில் என்று எண்ணிவிடக் கூடாது. இவை எல்லாம் கூட்டரசுத் துறைகள், சுங்க அதிகாரிக்குப் பாடாங் பெசாரும் கிடைக்கலாம். எல்லை வாயில்களில் பல துறைகள் செய்துவந்த வேலையை ஒன்றாக்கும் எல்லைக் கட்டுப்பாட்டு, பாதுகாப்பு நிறுவனமும் 2025இல் இயங்கத் தொடங்கியிருக்கிறது.

துணைப் போலீஸ் என்பது இன்னொரு வழி. போலீஸ் சட்டம் 1967இன் கீழ் நியமிக்கப்படும் இவர்களுக்கு, தங்களை வேலைக்கு வைத்த நிறுவனத்தின் இடங்களில் வரம்புக்குட்பட்ட அதிகாரம் உண்டு. ரயில் நிலையங்களில் நாம் பார்க்கும் கேடிஎம் துணைப் போலீசார் இந்த வகை. அரசு ஊழியர் நிலை கிடைக்காது. சிங்கப்பூரில் செர்ட்டிஸ், ஏட்டோஸ் போன்ற நிறுவனங்கள் மலேசியர்களையும் துணைப் போலீசில் சேர்க்கின்றன. டாலர் சம்பளம் இழுக்கிறது, வாடகையும் பயணமும் அதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன.

ஊர் வேலை எப்போதும் ஊர் வேலையாகவே இருக்கும் என்பதும் உறுதியல்ல. குப்பை விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தை மலாக்கா ஏற்றதால், 2011 செப்டம்பர் முதல் குப்பை சேகரிப்பும் பொதுத் துப்புரவும் கூட்டரசின் பொறுப்பாயின. தெருவில் வீசிய குப்பைக்கு இன்று சம்மன் எழுத வருபவர் நகராண்மைக் கழகத்தவராகவும் இருக்கலாம், கூட்டரசின் திடக்கழிவு நிறுவனமான எஸ்டபிள்யு கார்ப் அதிகாரியாகவும் இருக்கலாம். எல்லைக்கோடுகள் நகர்கின்றன, வேலையும் அவற்றோடு நகரும்.

சம்பளமும் நியமனக் கடிதமும்

கூட்டரசுப் பொதுச் சேவையின் புதிய சம்பளத் திட்டம் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது, அடுத்த கட்ட உயர்வு 2026 ஜனவரிக்கு வைக்கப்பட்டது. இத்தகைய சுற்றறிக்கைகளை உள்ளாட்சி மன்றங்கள் தனியே ஏற்றுக்கொண்டால்தான் அவற்றின் ஊழியர்களுக்குப் பொருந்தும். இரண்டு சீருடைக்கும் சம்பள அளவு ஒன்றுபோலத் தெரிந்தாலும் படிகள் வேறு, குவார்ட்டர்ஸ் வேறு, ஆபத்துப் படி வேறு. புதிதாகச் சேருபவர்களை ஓய்வூதியத்திலிருந்து இபிஎஃப் முறைக்கு மாற்றும் கொள்கையை 2024 தொடக்கத்தில் அரசாங்கம் அறிவித்தது. "கவர்மெண்ட் வேலைன்னா பென்ஷன்" என்று அப்பா காலத்துக் கணக்கை வைத்து முடிவெடுப்பது இனி சரிவராது. நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

மலாக்காவுக்கே உரிய ஒரு திருப்பமும் உண்டு. அரசியலமைப்பின் 139ஆவது பிரிவு மலாக்கா, பினாங்கு மாநிலங்களின் பொதுச் சேவையையும் எஸ்பிஏ எனப்படும் கூட்டரசின் பொதுச் சேவை ஆணையத்தின் வரம்பில் வைத்திருக்கிறது. ஆனால் நகராண்மைக் கழகம் தன் ஆட்களைத் தானே நியமிக்கிறது. எஸ்பிஏவில் ஒருமுறை பதிந்துவிட்டால் எல்லாக் கதவும் திறக்கும் என்று காத்திருப்பவர்கள் கழகத்தின் அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். போலீசுக்கும் தனி விண்ணப்பம். மூன்று வாசலுக்கும் மூன்று பாரம்.

யார் வாசலைத் தட்டுவது?

2007 அக்டோபர் 30ஆம் தேதி ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை மாநகராட்சி மன்றம் இடித்தது. இடித்தவர்கள் மன்றத்தின் ஆட்கள், காவலுக்கு நின்றவர்கள் போலீசார். அடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூரில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் பேரணி நடந்தது. ஆலயம் இடிக்கப்பட்ட அந்த நாள், இரண்டு சீருடையும் சேர்ந்து தமிழர் முன் நின்ற நாள். தோட்ட நிலங்கள் கைமாறும் இடங்களிலெல்லாம் கோயில்கள் இருக்கின்றன. அங்கே நோட்டீஸ் ஒட்டும் வேலை ஒருநாள் உங்களுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்பது நேர்முகத்தில் கேட்கப்படாத கேள்வி, வீட்டில் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. உள்ளே ஒருவர் இருந்தால் நோட்டீசுக்கு முன்பே பேச்சுவார்த்தைக்கு வழி சொல்லலாம், இடமாற்றத்துக்கு அவகாசம் கேட்டுக் குறிப்பு எழுதலாம். ஆணை வந்துவிட்ட பிறகு மறுக்க முடியாது.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது. பெற்றோரை விட்டுப் போக முடியாதவர், தெரிந்த முகங்களிடம் கண்டிப்பாகவும் கனிவாகவும் பேசத் தெரிந்தவர், பதவி உயர்வுக்கு அவசரப்படாதவர் நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போடட்டும். மலாயில் கோவையாக எழுத முடிந்தவர், எந்த ஊருக்கும் போகத் துணிந்தவர், தவறைக் கண்டால் மேலதிகாரியிடம் சொல்லும் நெஞ்சுரம் உள்ளவர் போலீசுக்குப் போகட்டும். லாக்கப் அறையில் நம் பிள்ளைகளுக்கு நியாயம் வேண்டுமென்றால் நியாயமான அதிகாரிகளில் சிலர் நம்மவர்களாக இருப்பது உதவும், அந்த உதவியை வெளியிலிருந்து செய்ய முடியாது. கணக்கிலும் ஆவணத்திலும் கூர்மையானவருக்குச் சுங்கமும் குடிநுழைவும் இன்னும் பொருத்தமானவை. முடிவெடுக்கும் முன் ஒரு நாள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொரு மாலை பாசார் மாலாமில் அதிகாரிகள் போகும் வரிசையில் நடந்து பாருங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.